வளரும் பையனுக்கு வேண்டியது இரக்கமா? இடமா?

(மூன்றாம் ஆண்டு மாணவி, மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை. ஊர்: கெங்கவல்லி)



"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்ற பழமொழி நம் எல்லோருக்கும் தெரியும். பட்டிமன்ற மேடைகளில் இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். ஊரான் பிள்ளை என்றால் மனைவி, அவளை நன்றாகக் கவனித்தால் வயிற்றில் இருக்கிற தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். கைதட்டலும் கிடைக்கும். நல்ல விளக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழமொழியை நேர்ப் பொருளிலேயே வாழ்ந்து காட்டுகிற வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ இருக்கின்றன. அந்த வீடுகளுக்கு யாரும் கைதட்டுவதில்லை. அவர்களைப் பற்றி, அதிலும் பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ள பையன்களை வளர்க்கிற வீடுகளைப் பற்றி, எனக்குத் தெரிந்ததை எழுத விரும்புகிறேன். எங்கள் வீடும் அதில் ஒன்று என்பதால் இது கேள்விப்பட்ட கதை இல்லை.

யார் இந்தப் பையன்கள்?

சேலம், நாமக்கல் பக்கத்துப் பிழைப்பை நினைத்துப் பாருங்கள். லாரி ஓட்டப் போனவர் பதினைந்து நாள் கழித்து வருவார். போர் வண்டியில் போனவர் வட மாநிலத்திலேயே மாசக் கணக்கில் இருப்பார். கிழங்கு சீசன் இருந்தால் சேகோ பேக்டரி, இல்லாவிட்டால் வேறு ஊர். புருஷன் இல்லாத பெண்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் விடுதியில் தங்கி வேலை செய்கிறார்கள். பிள்ளைகள்? ஆயா வீட்டில், பெரியம்மா வீட்டில், அத்தை வீட்டில். கெங்கவல்லி, தம்மம்பட்டி, வீரகனூர் என்று எந்த ஊர்த் தெருவில் விசாரித்தாலும் அப்படி வளர்கிற ஒரு பையன் இருப்பான்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர். என் அம்மாவின் தம்பி லாரி டிரைவர். மூன்று வருடத்துக்கு முன்னால் விபத்தில் இறந்துவிட்டார். அவர் மனைவி, அதாவது எனக்கு அத்தை, திருப்பூரில் வேலை செய்கிறார். மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார். அவருடைய மகன்கள் இருவரும் எங்களோடு இருக்கிறார்கள். பெரியவனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. சின்னவனுக்கு 13, எட்டாம் வகுப்பு. என் சொந்தத் தம்பிக்கு 14. ஆக, ஒரே கூரையின் கீழே மூன்று வளரும் பையன்கள்! அப்பா சேகோ பேக்டரியில் வேலை. அம்மா கிழங்கு தோல் உரிக்கப் போவார், மற்ற நாளில் காட்டு வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்.

குழந்தை என்றால் கொஞ்சல், பையன் என்றால் சந்தேகம்

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம் சினிமாவில் யாராவது அடுத்தவர் பிள்ளையை எடுத்து வளர்த்தால் அது பெரும்பாலும் சின்னக் குழந்தையாகத்தான் இருக்கும். எம்.ஜி.ஆர். நடித்த 'பெற்றால்தான் பிள்ளையா' (1966) அப்படி. அதற்கு முன்னோடியான சார்லி சாப்ளினின் 'தி கிட்' (1921) அப்படி. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் ஒரு சிறுமி. குரல் உடைந்து, மீசை அரும்பி, கேட்டதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்கிற பதினைந்து வயதுப் பையனை எடுத்து வளர்க்கிற படம் எனக்குத் தெரிந்து பார்த்ததில்லை. அவனைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சத் தோன்றாது. "ஏன்டா இப்படி நிக்கறே?" என்றுதான் தோன்றும்.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. நம்ம பக்கம் கோயில் திருவிழாவில் கூத்து பார்த்தவர்களுக்குக் கர்ணனைத் தெரியும். ஆற்றில் வந்த பெட்டியிலிருந்து எடுத்துத் தேரோட்டி அதிரதனும் அவன் மனைவி ராதையும் வளர்த்த பிள்ளை. குழந்தையாக இருந்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வளர்ந்து, வில்லெடுத்து அரங்கத்தில் வந்து நின்றபோதுதான், "நீ எந்தக் குலம்? யார் மகன்?" என்று கேட்டார்கள். இன்றைக்கும் அதே கேள்விதான். தெருவில் ஒரு பந்து ஜன்னலில் பட்டால், "அந்த வீட்டுல வந்து இருக்கானே, அவனாத்தான் இருக்கும்" என்கிறார்கள். யார் அடித்தது என்று பிறகுதான் விசாரணை!

ஆனால் அதே கதையில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றவள் குந்தி என்று தெரிந்த பிறகும், ராதையை விட்டு வரக் கர்ணன் சம்மதிக்கவில்லை. அரண்மனையைக் காட்டியும் போகவில்லை. அவனை அங்கே பிடித்து வைத்தது ராதையின் இரக்கமா? இல்லை என்பது என் கருத்து. அந்த வீட்டில் அவனுக்கு இருந்த இடம்.

சோற்றுச் சட்டியில் ஆரம்பிக்கிறது

இடம் என்றால் பெரிய விஷயம் எதுவும் இல்லை. தினப்படி சமாச்சாரங்கள்தான்.

மாமா பையன்கள் வந்த புதிதில் இரண்டு பேரும் இரண்டாவது தடவை சோறு கேட்கவே மாட்டார்கள். தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள். என் தம்பியோ, "அம்மா, இன்னும் ரெண்டு இட்லி" என்று அதட்டுவான். வளர்கிற வயசில் பசி இல்லாமலா இருக்கும்? அம்மா, "சாப்பிடுங்க சாமி, கூச்சப்படாதீங்க" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். பலன் இல்லை. ஒரு நாள் பரிமாறுவதையே நிறுத்திவிட்டார். சோற்றுச் சட்டியையும் குழம்புச் சட்டியையும் நடுவில் வைத்து, "வேணுங்கறதை அவங்கவங்க போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தானும் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பத்து நாளில் சட்டி காலியாகத் தொடங்கியது. கேட்டு வாங்குகிறவன் விருந்தாளி. எடுத்துப் போட்டுக்கொள்கிறவன் வீட்டு ஆள். என் அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். ஆனால் இது எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படிக்காதது.

அடுத்தது திட்டு. ஆமாம், திட்டுத்தான்! அப்பா வந்த புதிதில் இவர்களைத் திட்டவே மாட்டார். "தகப்பன் இல்லாத பசங்க" என்று இரக்கம். அதே தப்பை என் தம்பி செய்தால் வீடே அதிரும். இதில் யாருக்கு நன்மை? தம்பிக்கு, "என்னை மட்டும் ஏன்?" என்று கோபம். இவர்களுக்கு, "நம்மைத் திட்டக்கூட மாட்டேங்கறாங்களே" என்று ஒரு ஒதுக்கம்.

ஒரு நாள் பெரியவன் அப்பாவின் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போய், பள்ளத்தில் விட்டு ரிம்மை வளைத்துக்கொண்டு வந்தான். அப்பா வேலையிலிருந்து வரும்போது, அவன் தன் துணிமணியைப் பையில் போட்டுத் திண்ணையில் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தான். வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அவனே முடிவு செய்துவிட்டான்! அப்பா பையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். பிறகு நன்றாகத் திட்டினார். என் தம்பியைத் திட்டுகிற அதே வார்த்தைகள். கடைசியில், "பையைக் கொண்டு போய் உள்ள வை. காலையில நீயே சைக்கிளைத் தள்ளிட்டுப் போய் ரிம் எடுத்துட்டு வா. அரைக் காசு நீ குடு, அரைக் காசு நான் தர்றேன்" என்றார். அவன் லீவு நாளில் பாக்குத் தோப்பில் வேலை செய்து சேர்த்த பணத்திலிருந்து பாதி கொடுத்தான். அன்றிலிருந்து அந்தப் பை பரண் மேலேதான் இருக்கிறது.

மூன்றாவது, வேலை. "ஆம்பளப் பசங்க பாத்திரம் கழுவறதா?" என்று பக்கத்து வீட்டு ஆயா கேட்டார். சாப்பிட்டவன் தட்டைச் சாப்பிட்டவன் கழுவ வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம், அப்பா உட்பட! தண்ணீர் வருகிற நாளில் தொட்டி நிரப்புவது சின்னவன். கடைக்குப் போவது தம்பி. காலையில் சட்னி அரைப்பது பெரியவன். அவன் அரைக்கும் தக்காளிச் சட்னி என்னுடையதை விட நன்றாக இருக்கும் என்று சொல்கிறார்கள், போகட்டும். வேலை கொடுத்தால் பையன் மனம் வருந்துவானோ என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். என் அனுபவம் நேர்மாறானது. "இந்த வேலை நான் இல்லேன்னா நடக்காது" என்கிற நினைப்புத்தான் ஒருவனை ஒரு வீட்டோடு ஒட்ட வைக்கிறது.

அம்மா அம்மாதான், அத்தை அத்தைதான்

அத்தை வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சிக்கலான நாள். காலையில் சின்னவன் யாரோடும் பேச மாட்டான். இரவு அவர் பஸ் ஏறிப் போன பிறகு தேவையில்லாமல் என் தம்பியோடு சண்டை பிடிப்பான். முதலில் எங்களுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குத்தான் புரிந்தது. இப்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் அம்மா காலையிலேயே வெளியே கிளம்பிவிடுவார். போகும்போது அத்தையிடம், "இன்னைக்கு அடுப்பு உன்னுது" என்று சொல்லிவிட்டுப் போவார். பையன்களுக்கு அன்று அவர்களுடைய அம்மா கையால் சோறு. யாரோ ஒருவர், "இத்தனை செய்யறீங்களே, அம்மான்னே கூப்பிடச் சொல்லலாமே" என்றபோது, "அவங்களுக்கு அம்மா இருக்கா, நான் அத்தை" என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இந்த ஒரு வரியில்தான் தத்து எடுப்பதற்கும் வளர்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. தத்து என்றால் சட்டப்படி அந்தக் குடும்பத்துப் பிள்ளையே ஆகிவிடுவது. வளர்ப்பு என்றால் பெற்றவரின் இடத்தை அழிக்காமல், அவரால் முடியாத காலத்தில் நாம் தாங்கிப் பிடிப்பது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

தெருவின் கேள்வி

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுத வேண்டும். அவர்கள் என் தாய்மாமன் மகன்கள். எனக்கு முறைப் பையன்கள். என்னை விட வயதில் சின்னவர்கள்தான், ஆனாலும் தெருவுக்கு அது போதுமே! "வயசுப் பொண்ணு இருக்கற வீட்டுல வளர்ந்த பசங்களை வச்சிருக்காங்க" என்றும், "மருமகனை இப்பவே வளத்துக்கறாங்க" என்றும் பேச்சு வந்தது. முறைப்படி அவர்கள் என்னை அக்கா என்று கூப்பிடக் கூடாது என்பார்கள். எங்கள் வீட்டில் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். முறையை விட, ஒரே வீட்டில் படுத்து எழுந்து வளர்கிற உறவு பெரியது என்பது எங்கள் முடிவு.

அதற்காகக் கவனமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெண் பிள்ளையும் பையன்களும் இருக்கிற எந்த வீட்டிலும், அது சொந்தமோ வளர்ப்போ, ஒழுங்கு வேண்டும். எங்கள் வீட்டில் உள் அறை எனக்கும் அம்மாவுக்கும், வெளி அறை ஆண்களுக்கு. கதவைத் தட்டாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. போன் இரவு ஒன்பது மணிக்கு மேலே அலமாரி மேல். இந்தச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், என் சொந்தத் தம்பிக்கும் சேர்த்து. சந்தேகப்பட்டு ஒருவனை மட்டும் கண்காணித்தால் அவன் கூனிப்போவான். எல்லோருக்கும் ஒரே ஒழுங்கு வைத்தால் அது வீட்டு வழக்கம் ஆகிவிடும். பயம் நியாயமானதாக இருக்கலாம். அதற்குப் பதில் துரத்துவது அல்ல, ஒழுங்கு வைப்பது.

சொந்தப் பிள்ளையையும் மறந்துவிடாதீர்கள். என் தம்பிதான் தன் கட்டிலில் பாதி, சைக்கிளில் பாதி, அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையில் பாதியைக் கொடுத்தவன். "பெரிய மனசு பண்ணு" என்று பதினொரு வயதுப் பையனிடம் சொல்வது சுலபம். வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அப்பா அவனை மட்டும் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். டீயும் பஜ்ஜியும்தான். அது அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது.

மெயின் லைனில் எவ்வளவு இழுப்பது?

நம் துறைப் பாடத்திலிருந்து ஒரு உதாரணம். வீட்டு ஒயரிங்கில் பல்புகள் பக்க இணைப்பில் இருக்கும். இன்னொரு பல்பைச் சேர்த்தால் ஏற்கனவே எரிகிற பல்பின் வெளிச்சம் குறையாது. ஒவ்வொன்றுக்கும் அதே வோல்டேஜ் கிடைக்கும். ஆனால் மெயினிலிருந்து இழுக்கிற கரண்ட் கூடிக்கொண்டே போகும். தாங்காதபோது பீஸ் போய்விடும்.

வீட்டுப் பாசமும் அப்படித்தான். இரண்டு பேர் கூட வந்ததால் எனக்கும் தம்பிக்கும் பாசம் குறைந்துவிடவில்லை. ஆனால் அந்தச் சுமை முழுவதும் மெயினில் ஏறியது. மெயின் யார்? அம்மா! முன்பு ஒன்றரை மாதம் வந்த கேஸ் சிலிண்டர் இப்போது ஒரு மாதம் வருவதில்லை. ஒரு படி ஆட்டிய மாவு இரண்டு படி ஆகிவிட்டது. எட்டாம் வகுப்பு வரை சத்துணவுப் பிள்ளைகளுக்கு அரசு சீருடை தருகிறது. ஒன்பதாவது போனதும் நாமே எடுக்க வேண்டும், வளர்கிற பையனுக்கு ஆறு மாதத்தில் கால்சட்டை கணுக்காலுக்கு மேலே போய்விடும். ரேசன் கார்டில் பேர் சேர்க்கப் பழைய கார்டில் பேர் நீக்கிய சான்று வேண்டும். பள்ளிக்கூடத்துப் படிவத்தில் 'தகப்பனார்' என்பதை அடித்துவிட்டுப் 'பாதுகாவலர்' என்ற இடத்தில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் கூலி போகும்.

"அவ்வளவு கஷ்டம் என்றால் ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமே?" என்று கேட்கலாம். அரசு விடுதிகளில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் ஏராளம். நம் கல்லூரியிலேயே அப்படிப்பட்ட நண்பர்கள் இருக்கிறார்கள். விடுதியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் விடுதிக்கும் லீவு உண்டு. லீவில் எந்த வீட்டுக்குப் போவது என்று தெரியாத பையன் என்ன செய்வான்? பிள்ளைகளை நிறுவனத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன சட்டமே சொல்கிறது. ஹெர்மன் க்மைனர் என்பவர் 1949-இல் ஆஸ்திரியாவில் தொடங்கிய எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமங்கள் பெரிய அனாதை விடுதிக்குப் பதிலாக, ஒரு வளர்ப்புத் தாய், ஒரு வீடு, அதில் சில பிள்ளைகள் என்ற முறையைக் கொண்டு வந்தன. 1964 முதல் இந்தியாவிலும் அவை இருக்கின்றன. அந்த அருமையான ஏற்பாட்டில்கூட, வளர்ந்த பையன்களைத் தனியாக இளைஞர் இல்லத்துக்கு மாற்றுவது நெடுநாள் வழக்கம். பையன் வளர்ந்தால் வீட்டுக்கு வெளியே என்பதுதான் உலக வழக்கம் போலிருக்கிறது!

கேட்டால் கிடைக்கும், தெரிந்தால்தானே கேட்பது?

மெயின் லைன் தாங்கவில்லை என்றால் என்ன செய்வோம்? பல்பைக் கழற்றி எறிய மாட்டோம். லைனைப் பலப்படுத்துவோம். அதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. நம்மில் பலருக்குத் தெரியாததால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

மத்திய அரசின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று உண்டு. கணவனை இழந்த தாயின் பிள்ளைகள், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் வளர்கிற பிள்ளைகள் போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மிகாமல் இருக்க வேண்டும். உறவே இல்லாத குடும்பம் ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்து வளர்ப்பதற்கும் இதே சட்டத்தில் 44-ஆவது பிரிவு இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழு விசாரித்து ஒப்படைக்கும். 2024-இல் வந்த புதிய வழிகாட்டுதல்படி கல்யாணம் ஆகாதவர்களும், துணையை இழந்தவர்களும்கூட வளர்ப்புப் பெற்றோர் ஆகலாம். இரண்டு வருடம் வளர்த்த பிறகு தத்து எடுக்கவும் கேட்கலாம். முன்பு இது ஐந்து வருடமாக இருந்தது. 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு 21 வயது வரை பிற்காப்பு உதவிக்கும் சட்டத்தில் இடம் உண்டு. இதற்கெல்லாம் அணுக வேண்டிய இடம், மாவட்டத் தலைநகரில் இருக்கிற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அவசரத்துக்கு 1098.

இது அத்தனையும் காகிதத்தில் இருக்கிறது. நடப்பில்? நாங்கள் விசாரிக்கப் போன ஓர் அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஒருவர் விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "ரெண்டும் ஆம்பளப் பசங்கதானே, இன்னும் ரெண்டு வருசத்துல சம்பாதிக்கப் போறாங்க" என்றார். அம்மா பேசாமல் நின்றார். எனக்குத் தாங்கவில்லை. "சார், சம்பாதிக்கப் போகக் கூடாதுன்னுதான் இந்த உதவி" என்றேன். விண்ணப்பம் பிறகு வாங்கப்பட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறோம். கெங்கவல்லியிலிருந்து ஆத்தூர் போய், அங்கிருந்து சேலம் போய், திரும்பி வர ஒரு முழு நாள். இதை ஒவ்வொரு தாலுகாவிலும் மாதம் ஒரு நாள் முகாம் போட்டு வாங்கினால் என்ன? அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

அரசாங்கத்தில் நல்ல மனிதர்களும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அன்னை சத்யா அரசு இல்லம் இயங்கியது. அங்கே கலெக்டராக இருந்த ஜெ. இராதாகிருஷ்ணன், மாற்றல் ஆகிப் போன பிறகும் அந்தப் பிள்ளைகளின் தொடர்பை விடவில்லை. அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் திருமணத்தை 2022-இல் அவர் முன்னின்று நடத்தி வைத்ததைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பதினெட்டு வயதோடு கணக்கை முடித்துவிடாமல் இருப்பதுதான் வளர்ப்பு.

பத்தாவதுக்கு அப்புறம் என்ன?

நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமே இதுதான். பெரியவன் வரும் பங்குனி, சித்திரையில் பத்தாவது பரீட்சை எழுதப் போகிறான். ஊரில் ஒருவர் போர் வண்டிக்கு ஆள் சேர்க்கிறார். "சோறு போட்டு கை நிறையச் சம்பளம், பரீட்சை முடிஞ்சதும் அனுப்பு" என்று இரண்டு முறை வந்து கேட்டுவிட்டார். அத்தைக்கு மனசு இல்லை, ஆனால் கடன் இருக்கிறது. அவனோ, "அக்கா, நான் போனா அத்தைக்குச் சுமை குறையும்ல?" என்கிறான். பதினைந்து வயதுப் பையன் தன்னையே ஒரு சுமை என்று கணக்குப் போடுகிறான், பாருங்கள்! பதினெட்டு நிரம்பாதவர்களை ஆபத்தான தொழிலில் வைக்கக் கூடாது என்று 2016-இல் திருத்திய சட்டம் சொல்கிறது. ஆனால் சட்டப் புத்தகம் போர் வண்டி ஏறிப் போய்ப் பார்ப்பதில்லை.

சொந்த மகன் பத்தாவது முடித்தால், "அடுத்து என்ன குரூப் எடுக்கறே?" என்று கேட்கிறோம். வளர்ப்புப் பையன் பத்தாவது முடித்தால், "அடுத்து எந்த வேலைக்குப் போறே?" என்று கேட்கிறோம். அவனுக்கு அந்த வீட்டில் உண்மையாகவே இடம் இருக்கிறதா இல்லையா என்பது இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். மூன்று வருடம் சோறு போட்டு, கடைசியில் இந்தக் கேள்வியில் தோற்றால் அத்தனையும் இரக்கமாகவே முடிந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கணக்கு இப்போதைக்கு இப்படி. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கும் அதே போலத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9-இல் தொடங்கப்பட்டது. என் டிப்ளமோ இந்த வருடம் முடிகிறது. வேலை கிடைத்தால் முதல் வருடச் சம்பளத்தில் அவன் பாலிடெக்னிக் செலவு என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். வேலை கிடைப்பது என் கையில் மட்டும் இல்லை என்பதும் தெரியும். போர் வண்டிக்காரர் சித்திரை வரை காத்திருக்க மாட்டார் என்பதும் தெரியும். ஆனால் அப்பா அவரிடம், "பையன் படிக்கறான்" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார். "எங்க பையன்" என்றே சொன்னார்.

நம்மால் என்ன முடியும்?

நண்பர்களே! நாம் சட்டம் போடுகிறவர்கள் இல்லை. கையில் பணமும் இல்லை. ஆனாலும் சில காரியங்கள் நம்மால் முடியும்.

ஒன்று, உங்கள் தெருவில் உறவினர் வீட்டில் வளர்கிற பையன் இருந்தால் அவனைப் பாவம் என்று சொல்லாதீர்கள். கிரிக்கெட்டுக்குக் கூப்பிடுங்கள். அவுட் என்றால் அவுட் என்று சண்டை போடுங்கள்.

இரண்டு, அந்த வீட்டுப் பெரியவர்களிடம் நிதி ஆதரவு பற்றிச் சொல்லுங்கள். விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஒரு நாள் லீவு போட்டு அவர்களோடு கூடப் போங்கள். அலுவலகத்தில் பேசுவதற்குப் படித்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் நின்றாலே தைரியம் வரும்.

மூன்று, பத்தாவது ரிசல்ட் வருகிற வாரத்தில் அப்படிப்பட்ட பையனிடம் நீங்களே போய், "எந்த டிபார்ட்மென்ட் எடுக்கப் போறே?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை அவனிடம் வேறு யாரும் கேட்காமல் இருக்கலாம்.

நான்கு, நமது மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சேர்க்கை சமயத்தில் கல்லூரி வாசலில் ஒரு மேசை போட்டு, பாதுகாவலர் வீட்டிலிருந்து வருகிற மாணவர்களுக்கு விண்ணப்பம் நிரப்ப, சான்றிதழ்களுக்கு வழி சொல்ல, உதவித்தொகைக்குப் பதிய உதவினால் என்ன? இரண்டு பேர் மாறி மாறி உட்கார்ந்தால் போதும். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து போய்விட்டாலும் அந்த வாரம் வந்து உட்காருகிறேன்.

இரக்கம் ஒரு வேளைச் சோறு போடும், அதுவும் வேண்டியதுதான். ஆனால் வளரும் பையன் ஆளாவதற்கு ஒரு தட்டு, ஒரு வேலை, ஒரு திட்டு, கூடவே "அடுத்து என்ன படிக்கப் போறே?" என்ற கேள்வி, இத்தனையும் வேண்டும். இவற்றைக் கொடுக்கிற வீடுகள் நம் ஊர்களில் இருக்கின்றன. அந்த மெயின் லைன்கள் அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வது படிக்க வந்த நம் எல்லோருடைய பொறுப்பும் ஆகும்.